தேயிலையும் ஒரு காட்டு மரம்தான்



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் படிவம் 2 மாணவர்களைக் கேமரன் மலைக்கு அழைத்துச் சென்றோம். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. தேயிலைச் சரிவு முழுவதும் மூடுபனி. நடைபாதை ஓரமாக நின்ற ஒரு மாணவி, செடியைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்: “டீச்சர், இங்க வாங்களேன். இலைக்கு அம்மை போட்டிருக்கு!”

போய்ப் பார்த்தேன். இளங்கொழுந்தின் மேற்புறத்தில் வட்டமான பள்ளங்கள். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் வெள்ளையாக, வெல்வெட் துணி போலப் புடைத்திருந்தது. எனக்கு உடனே பாட்டி ஞாபகம் வந்தது. இளம் வயதில் மலைத்தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் அவர். “கொப்புளம் விழுந்த மாசம் கூடை நிறையாது. கூடை நிறையலன்னா நிறுவையில காசும் நிறையாது” என்பார்.

திரும்பும் வழியில் இன்னொரு மாணவன் எதிரே இருந்த காட்டைக் காட்டிக் கேட்டான்: “சார் மருந்து அடிச்சுத்தான் தேயிலையைக் காப்பாத்துறாங்கன்னு சொன்னாங்க. அந்தக் காட்டுக்கு யாரும் மருந்து அடிக்கலையே. அந்த மரங்களுக்கு மட்டும் நோய் வராதா?”

நல்ல கேள்வி. அன்று பேருந்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. முழுப் பதிலையும் இந்த வாரம் பார்ப்போம்.

செடியா, மரமா?

தேயிலையை நாம் இடுப்பளவு செடியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு மரம். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் பல மீட்டர் உயரம் வளரும். அஸ்ஸாம், வட மியன்மார், சீனாவின் யுன்னான் ஆகிய பகுதிகளின் மலைக்காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த இனம் அது. இதன் அறிவியல் பெயர் கெமெலியா சைனென்சிஸ்.

காட்டில் அதற்கு அக்கம்பக்கத்தில் நூறு வகை மரங்கள் இருந்தன. மனிதன் அதைப் பிரித்துக் கொண்டுவந்து மலைச்சரிவில் தனியாக நட்டான். கேமரன் மலையில் போ தோட்டத்தை ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டு தொடங்கினார். அதற்கு முன்பு அந்தச் சரிவுகளில் காடு இருந்தது. காட்டை வெட்டி, ஒரே இன மரத்தை வரிசை வரிசையாக நட்டு, அதை என்றும் குட்டையாகவும் என்றும் கொழுந்தாகவும் வைத்திருப்பதுதான் தேயிலைத் தோட்டம்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வையுங்கள்: தேயிலையைத் தாக்கும் பூச்சிகளும் நோய்களும் காட்டு மரங்களைத் தாக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். தோட்டத்தில் அவற்றுக்குக் கிடைக்கும் விருந்து மட்டும் வேறு.

கொப்புளம் எப்படி உண்டாகிறது?

மாணவி பார்த்தது தேயிலைக் கொப்புள நோய். இதை உண்டாக்குவது எக்சோபெசிடியம் வெக்சன்ஸ் என்ற பூஞ்சை. உங்கள் பாடநூலில் ‘கூலாட்’ என்று வருமே, அந்த வகை உயிரி. அதன் வாழ்க்கையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: காற்றில் மிதந்து வரும் நுண்ணிய வித்து ஒன்று இளம் இலையில் விழுகிறது. (இதைப் பாடநூல் ‘ஸ்போரா’ என்று சொல்லும்.) இலை ஈரமாக இருந்தால் வித்து முளைத்து, மெல்லிய இழையாக இலைக்குள் நுழைகிறது.

இரண்டாம் படி: சில நாள்களில் அந்த இடத்தில் வெளிறிய, ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தெரியும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் கண்ணில் படும்.

மூன்றாம் படி: புள்ளி பெரிதாகி மேலே பள்ளமும் கீழே புடைப்புமாக மாறும். புடைப்பின் தோல் கிழிந்து, வெள்ளை நிற வித்துப் படலம் வெளியே வரும். ஒரு கொப்புளத்தில் இலட்சக்கணக்கான வித்துகள் உண்டாகும்.

நான்காம் படி: வித்துகள் காற்றில் போன பிறகு, கொப்புளம் பழுப்பாகிக் காய்ந்துவிடும். தண்டையும் தாக்கியிருந்தால் கொழுந்து அந்த இடத்தில் வளைந்து முறியும்.

இந்தச் சுற்று முழுவதும் முடிய, வானிலையைப் பொறுத்து ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு கொப்புளத்திலிருந்து போன வித்துகளில் ஐந்தே ஐந்து மட்டும் புதுக் கொப்புளமாக மாறுகின்றன, ஒரு சுற்றுக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்வோம். 12 வாரத்தில் நான்கு சுற்று. 5 × 5 × 5 × 5 = 625. ஒன்று 625 ஆக மூன்று மாதம்கூடத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பூஞ்சை முற்றிய இலையைத் தொடுவதில்லை. ஒரு மாதத்துக்கும் குறைவான வயதுடைய இளம் இலைதான் அதற்கு வேண்டும். நாம் பறித்துத் தேநீராக்குவதும் அதே இளம் இலையைத்தான்: இரண்டு இலை, ஒரு மொட்டு. தொழிலாளியின் கூடைக்குப் போக வேண்டியதைப் பூஞ்சை முந்திக்கொள்கிறது. பாட்டியின் கூடை நிறையாததற்குக் காரணம் இதுதான்.

கடல் தாண்டி வந்த நோய்

இந்த நோய் முதலில் பதிவானது அஸ்ஸாமில், 1868ஆம் ஆண்டு. பல பத்தாண்டுகள் அது வடக்கிலேயே இருந்தது. பிறகு 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. 1940களின் இறுதியில் சுமத்திரா, 1950 வாக்கில் மலாயா என்று கிழக்கே நகர்ந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் கென்யா போன்ற நாடுகளில் தேயிலை பெருமளவில் விளைந்தாலும் இந்த நோய் அங்கே போய்ச் சேரவில்லை. நோய் இல்லாத நாடுகள் வெளியிலிருந்து வரும் செடிகளைக் கடுமையாகச் சோதிப்பது ஏன் என்பது இதிலிருந்து புரியும்.

ஆனால் வித்து வந்துவிட்டால் மட்டும் நோய் வந்துவிடுமா? வராது. அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது.

நோய் முக்கோணம்

ஒரு முக்கோணம் வரையுங்கள். ஒரு முனையில் ‘இடம் கொடுக்கும் மரம்’ என்று எழுதுங்கள். அடுத்த முனையில் ‘நோய்க்கிருமி’. மூன்றாம் முனையில் ‘சூழல்’. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நோய். ஒன்றை நீக்கினாலும் முக்கோணம் நிற்காது. தாவர நோயியல் படிக்கும் எவரும் முதல் வகுப்பில் கற்கும் பாடம் இது.

கேமரன் மலையில் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ச்சி, மூடுபனி, இலையில் நெடுநேரம் நிற்கும் ஈரம் எல்லாம் அங்கே உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடும். கொப்புளப் பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. தாழ்நிலத்து வெப்பத்தில் இதே நோய் பெரிய தொல்லையாக இருப்பதில்லை. மரமும் அதுவே, பூஞ்சையும் அதுவே. சூழல் மட்டும் மாறியிருக்கிறது.

சூழலை எண்ணால் அளக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் தமிழர்களும் உண்டு. இலங்கையில் விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், வெயிலும் மழையும் கொப்புள நோயை எப்படி மாற்றுகின்றன என்ற ஆய்வை 1961இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து சில நாள்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான வெயில் கிடைத்தாலே நோய் அடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். நேரடி வெயிலில் இலை காய்கிறது, வித்துகளும் விரைவில் உயிர் இழக்கின்றன.

இதனால் என்ன பயன்? நாட்காட்டியைப் பார்த்து ‘வாரம் ஒரு முறை மருந்து’ என்று தெளிக்கத் தேவையில்லை. வெயில் நேரத்தை அளந்து, தேவைப்படும்போது மட்டும் தெளிக்கலாம். மருந்துச் செலவு குறையும். ஓடையில் கலப்பதும் குறையும். தெளிப்பானை முதுகில் சுமந்து நடக்கும் தொழிலாளியின் உடம்பில் படுவதும் குறையும். ஓர் அளவீடு எத்தனை பேருக்கு நன்மை செய்கிறது பாருங்கள்.

காடு ஏன் அழிவதில்லை?

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். காட்டு மரங்களுக்கு நோய் வராதா?

வரும், நிறையவே வரும். குனோங் பிரிஞ்சாங் செல்லும் வழியில் பாசி படர்ந்த காட்டுக்குள் நடந்தால், ஓட்டை விழுந்த இலைகள், புள்ளி விழுந்த இலைகள், காளான் முளைத்த கட்டைகள் என்று எங்கும் பார்க்கலாம். ஆனால் காடு முழுவதும் ஒரே நாளில் வாடுவதில்லை. காரணம், ஒரே இன மரங்கள் அங்கே அருகருகே இல்லை.

நெகிரி செம்பிலானில் பாசோ வனக் காப்பகம் இருக்கிறது. அங்கே 50 ஹெக்டர் பரப்பில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிப் பெயர் குறித்திருக்கிறார்கள். 800க்கும் மேற்பட்ட மர இனங்கள்! ஓர் இனத்தைத் தாக்கும் பூஞ்சையின் வித்து காற்றில் கிளம்பினால், அது விழும் இலை பெரும்பாலும் வேறு இனத்தின் இலையாக இருக்கும். விழுந்த இடத்திலேயே அது வீணாகும்.

இன்னும் ஆழமான ஒரு கருத்தை டேனியல் ஜான்சன் 1970இலும் ஜோசப் கானல் 1971இலும் தனித்தனியாக முன்வைத்தார்கள். தாய் மரத்தின் அடியில்தான் விதைகள் அதிகம் விழுகின்றன. ஆனால் அந்த இனத்துக்குரிய பூச்சிகளும் நோய்களும் அதே மரத்தடியில்தான் கூடியிருக்கின்றன. அதனால் தாயின் அருகில் முளைக்கும் கன்றுகள் அதிகம் சாகின்றன. தூரத்தில் விழுந்த விதை தப்பிக்கிறது. தாயின் காலடியில் காலியான இடத்தில் வேறு இனம் முளைக்கிறது. எந்த ஓர் இனமும் காடு முழுவதையும் பிடித்துக்கொள்ள முடியாமல் போகிறது. வெப்பமண்டலக் காட்டில் இத்தனை வகை மரங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

வியப்பாக இல்லையா? தோட்டத்தில் நாம் எதிரி என்று சொல்லும் பூச்சியும் பூஞ்சையும், காட்டில் பல வகை மரங்கள் சேர்ந்து வாழ வழி செய்கின்றன.

தோட்டத்தில் நிலைமை நேர்மாறு. எந்தப் பக்கம் வித்து விழுந்தாலும் தேயிலைதான். போதாததற்கு, கவ்வாத்து வெட்டிய பிறகு சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் இளந்தளிர் விடும். அதனால்தான் புதிதாகக் கவ்வாத்து வெட்டிய பகுதியில் கொப்புள நோய் மிகக் கடுமையாக வரும்.

ஒரு பூஞ்சை திருப்பிய வரலாறு

ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் முன்னோரின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

இன்று இலங்கை என்றால் தேயிலை என்கிறோம். 150 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே காப்பிதான் ராஜா. மலைநாட்டில் 250,000 ஏக்கருக்கும் மேல் காப்பி. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் படகேறியும் போன நம் மக்கள்தான் அங்கே பழம் பறித்தார்கள். 1869ஆம் ஆண்டு காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் காணப்பட்டது. அதுதான் காப்பித் துரு நோய். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை அதை உண்டாக்கியது. முதலில் பலரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. புதிய காடுகளை வெட்டி மேலும் காப்பி நட்டார்கள்.

1880இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் ஆய்வாளர் அங்கே அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் அந்தப் பூஞ்சைதான் என்றும், அதன் வித்து ஈர இலையில் முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது என்றும் விளக்கினார். ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் பரப்பியதுதான் நோய் இத்தனை வேகமாகப் பரவ வழி செய்தது என்பதையும் எடுத்துச் சொன்னார். ஆனால் காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழில் சரிந்தது. அந்த நிலத்தில் தேயிலை ஏறியது. காப்பிக்கு ஆண்டில் சில மாதம் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்த மக்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்க நேர்ந்தது.

பின்னாளில் கேமரன் மலையில் தேயிலை நட்டபோது, இலங்கைத் தோட்டங்களில் அனுபவம் பெற்றவர்களே வழிகாட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை, எத்தனை குடும்பங்களின் வாழ்க்கைப் பாதையை மாற்றியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வேருக்கு அடியில் ஒளிந்திருக்கும் காடு

இலை நோய் கண்ணுக்குத் தெரியும். வேர் நோய் தெரியாது. அதுதான் ஆபத்து.

காட்டை வெட்டினாலும் காடு முழுவதும் போய்விடுவதில்லை. அடிக்கட்டைகளும் வேர்களும் மண்ணுக்குள் இருக்கும. அந்த வேர்களில் சில பூஞ்சைகள் வாழும். காட்டில் இவை செத்த மரத்தை மட்க வைத்து மண்ணுக்குத் திருப்பித் தரும் வேலையைச் செய்கின்றன. ஆனால் பக்கத்தில் தேயிலையை நட்டால், அழுகும் கட்டையின் வேர் தேயிலை வேரைத் தொடும் இடத்தில் பூஞ்சை தாண்டி வருகிறது. ஒரு செடி திடீரென்று வாடும். அடுத்து பக்கத்துச் செடி. சில ஆண்டுகளில் தோட்டத்தின் நடுவே வட்டமான மொட்டைத் திட்டு உருவாகும்.

இலங்கையில் பணியாற்றிய பூஞ்சையியலாளர் தாமஸ் பெட்ச் தேயிலை நோய்களைப் பற்றி 1923இல் ஒரு நூலே வெளியிட்டார். நிழலுக்காக நட்ட மரங்களை வெட்டிய பிறகு, அவற்றின் கட்டைகளிலிருந்து வேர் நோய் பரவுவதை அவர் எடுத்துக்காட்டினார். நம் நாட்டு ரப்பர் தோட்டங்களில் வெள்ளை வேர் நோயும் இதே வழியில்தான் பரவுகிறது.

இதைத் தடுக்க ஓர் எளிய உத்தி உண்டு. மரத்தை வெட்டுவதற்கு ஓராண்டு முன்பே, அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்துவிடுவது. 1930களில் ஆப்பிரிக்காவின் நியாசாலாந்தில் (இன்றைய மலாவி) லீச் என்ற ஆய்வாளர் இதன் பயனை விளக்கினார். பட்டையை உரித்தால் என்ன நடக்கும்? உயிரியல் பாடத்தில் படித்த ‘ஃபுளோயம்’ பட்டையில்தான் இருக்கிறது. இலையில் உண்டாகும் சர்க்கரை வேருக்குப் போகும் வழி அது. வழி அடைபட்டால், வேர் தன் சேமிப்பில் உள்ள மாவுச்சத்தைச் செலவழித்தே வாழ வேண்டும். சேமிப்பு தீர்ந்த பிறகு மரத்தை வெட்டினால், நோய்ப் பூஞ்சைக்கு அந்த வேரில் சாப்பாடு இல்லை. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஒரு பாடம் தோட்டத்தைக் காப்பாற்றுகிறது.

கொசு அல்லாத கொசு

இப்போது பூச்சிகளுக்கு வருவோம். ‘தேயிலைக் கொசு’ என்று ஒன்று உண்டு. பெயர்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. ஹெலோபெல்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். முதுகில் குண்டூசியை நட்டது போல ஒரு சிறு கொம்பு நிற்கும். அதை வைத்தே அடையாளம் காணலாம். இளந்தளிரில் வாயை ஊன்றிச் சாறு உறிஞ்சும். ஊன்றிய இடம் பழுப்புப் புள்ளியாகிக் காயும். புள்ளிகள் கூடினால் தளிர் கருகிச் சுருளும்.

இதற்குத் தேயிலை மட்டும் உணவு அல்ல. இதன் இனங்கள் கொக்கோ, முந்திரி, அகாசியா மரங்களையும் தாக்கும். தமிழ்நாட்டில் வேப்ப மரத்தின் நுனிக் கிளைகளைக் கருக வைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இதைக் கட்டுப்படுத்த மலேசியக் கொக்கோத் தோட்டங்களில் எறும்பு பயன்பட்டிருக்கிறது. ஒரு வகைக் கறுப்பு எறும்பு கொக்கோ மரத்தில் நிறைய இருந்தால், தேயிலைக் கொசு காய்களை நெருங்குவது குறைகிறது. 1990களில் நம் நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். எறும்பைக் கண்டவுடன் மருந்து அடிப்பவர், தன் காவல்காரனையே விரட்டுகிறார்.

கேமரன் மலையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. அங்குள்ள முட்டைக்கோஸ் பயிரை வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அரித்துத் தின்னும். மருந்து அடிக்க அடிக்க, தாங்கிப் பிழைத்த புழுக்களின் சந்ததி பெருகி, மருந்து பலிக்காமல் போனது. 1970களில் ஒரு சிறு குளவி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கும். கண்டபடி மருந்து அடித்த இடங்களில் குளவியும் செத்தது. தெளிப்பைக் குறைத்து, புழுவை மட்டும் பாதிக்கும் மருந்துக்கு மாறிய பிறகே குளவி தன் வேலையைச் செய்ய முடிந்தது.

நம் காட்டிலிருந்து வெளியே போன வண்டு

நோய் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று நினைக்க வேண்டாம். நம் பகுதியிலிருந்து வெளியே போனதும் உண்டு.

தண்டைத் துளைக்கும் ஒரு வண்டு இருக்கிறது. நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தண்டு முறிவதற்கு இந்த வகை வண்டு நெடுங்காலமாகவே காரணம். வேடிக்கை என்னவென்றால், இது மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு தன் வாய்ப் பகுதியில் உள்ள சிறு பையில் பூஞ்சையைச் சுமந்து வரும். மரத்தில் சுரங்கம் தோண்டி, சுவரில் அந்தப் பூஞ்சையைப் பயிரிடும். குஞ்சுகளுக்கு உணவு அந்தப் பூஞ்சைதான். ஆனால் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் பரவினால் கிளை வாடும்.

தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளைச் சேர்ந்த இதன் நெருங்கிய உறவு வண்டு ஒன்று இந்த நூற்றாண்டில் கடல் கடந்தது. இஸ்ரேலில் அவகாடோ மரங்களையும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பல வகை மரங்களையும் தாக்கியது. தென்னாப்பிரிக்காவில், தமிழர்கள் நிறைய வாழும் மாநிலத்தில் உள்ள பீட்டர்மரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் 2017இல் கண்டுபிடிக்கப்பட்டது. நம் காட்டில் பல எதிரிகளோடும் பல வகை மரங்களோடும் வாழ்ந்தபோது அது பெரிதாகப் பேசப்படவில்லை. போன இடத்து மரங்களுக்கு இது புதிது. அவற்றுக்குத் தற்காப்பு இல்லை. விறகும் மரப்பெட்டியும் நாற்றும் இத்தகைய வண்டுகள் ஏறிப் பயணம் செய்யும் வாகனங்கள்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காடாக்கு என்று சொல்ல முடியாது. பல குடும்பங்களின் சோறு அதில் இருக்கிறது. ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் வேலை செய்யலாம்.

மரம்: ஒரே வகைக் கன்றை எங்கும் நடாமல், நோயைத் தாங்கும் வகைகளைக் கலந்து நடலாம்.

நோய்க்கிருமி: கொழுந்து எடுக்கும் இடைவெளியைக் குறைத்தால், கொப்புளம் வெடிப்பதற்கு முன்பே அந்த இலை செடியை விட்டுப் போய்விடும். தேவைப்படும் காலத்தில் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்கலாம். அது இலையின் மேல் நின்று வித்து முளைப்பதைத் தடுக்கும். உள்ளே போய்விட்ட பூஞ்சையைக் குணப்படுத்தாது. அதனால்தான் நேரம் முக்கியம்.

சூழல்: நிழல் மரம் உள்ள தோட்டங்களில் மழைக்காலத்துக்கு முன்பே கிளைகளைக் கழித்து வெயில் விழச் செய்யலாம். கவ்வாத்து வெட்டுவதை மழை குறைந்த பருவத்துக்கு மாற்றலாம். ஓடை ஓரத்துக் காட்டை விட்டுவைத்தால் குளவிக்கும் சிலந்திக்கும் பறவைக்கும் இடம் கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று வேண்டும். முதல் புள்ளியை யாராவது பார்க்க வேண்டும். கைகளால் கொழுந்து எடுத்த காலத்தில் ஒவ்வொரு செடியும் சில நாள்களுக்கு ஒரு முறை ஒரு மனிதரின் கண்ணில் பட்டது. இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலை விரைவாக முடிகிறது. அதனால், நோய் பார்ப்பதற்கென்றே நடந்து போகும் கண்கள் இப்போது தேவைப்படுகின்றன. என் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. அதுவும் அறிவியல்தான்.

செய்து பாருங்கள்

பள்ளி வளாகத்தில் ஒரே வகைச் செடிகள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று வெயிலிலும் மற்றொன்று நிழலிலும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 20 இலைகளை, பறிக்காமல், மேலும் கீழும் பாருங்கள். புள்ளி, ஓட்டை, சுருள் உள்ள இலைகள் எத்தனை? விழுக்காடு கணக்கிடுங்கள். வாரம் ஒரு முறை, நான்கு வாரம் தொடருங்கள். மழை பெய்த நாள்களையும் குறித்து வையுங்கள். வரைபடம் வரைந்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கொப்புளப் பூஞ்சை முற்றிய இலையையும் தாக்கக்கூடியதாக இருந்தால், தோட்டத்துக்கு நட்டம் கூடுமா, குறையுமா? ஏன்?

2. பட்டையை வளையமாக உரித்த மரத்தின் இலைகள் சில காலம் பச்சையாகவே இருப்பது ஏன்? (குறிப்பு: நீர் போகும் வழி எது?)

3. உங்கள் ஊரில் ஒரே வகை மரம் வரிசையாக நிற்கும் சாலை எது? அந்த மரத்துக்கு ஒரு நோய் வந்தால் என்ன நடக்கும்?

அடுத்த முறை கேமரன் மலைக்குப் போனால், தேயிலைச் சரிவில் படம் எடுத்த பிறகு இரண்டு நிமிடம் ஓர் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு எதிரே உள்ள காட்டைப் பாருங்கள். வீடு திரும்பும்போது காட்டிலிருந்து செடியோ மண்ணோ கொண்டுவர வேண்டாம். காலணியின் சேற்றை அங்கேயே கழுவிவிடுங்கள். அந்தச் சேற்றில் யார் பயணம் செய்கிறார்கள் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.